உழுதவன் கணக்கும் முதுமாணி வகுப்பும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது தமிழ் வழங்கும் இடமெங்கும் அறிந்த பழமொழி. ஈழத்தின் கீழைக்கரையிலே அதனைச் சொல்லுவோர் ஒரு பெருமூச்சோடு சொல்லி, அத்துடன் கணக்கையும் மூடிவைத்துவிடுவர். பார்த்தால் மனம் நோகும், ஆகவே பாராதிருப்பதே நன்று என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்பட்டு வந்திருக்கிறது. ஆயின் அப்பழமொழி எங்கே முடிகின்றதோ அங்கேயே தொடங்குகின்ற ஒரு கல்வி உண்டு. இலங்கையிலே வணிக நிருவாக முதுமாணி எனப் பெயர் பெற்று, எம்.பி.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் பட்டப்பின் படிப்பே அது. உழக்கு மிஞ்சாமற் போவது ஏன்? மிஞ்சவில்லை என்பது மெய்தானா? மெய்யாயின் அடுத்த போகத்துக்குச் செய்ய வேண்டுவது யாது? முதல் வினாவுக்கு விடை தேடும் பாடம் கணக்கீடு. இரண்டாவதற்குத் தரவுப் பகுப்பாய்வு. மூன்றாவதற்கு மூலோபாயம். அப்படிப்பிலே வேறு பாடங்களும் உள்ளனவெனினும் இம்மூன்றுமே அதன் முதுகெலும்பு எனலாம்.

இக்கல்வி மிகப் பழையதன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், வேறு துறைகளிற் பட்டம் பெற்றோர் வணிக நிருவாகம் பயில்வதற்கென 1908 ஆம் ஆண்டிலே தனிக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. வணிக நிருவாக முதுமாணி என்னும் பட்டம் அங்கேதான் பிறந்தது. 1919 முதல் 1942 வரை அக்கல்லூரிக்குத் தலைவராயிருந்த வொலஸ் டொனம் என்பவர் சட்டம் பயின்றவர். சட்ட மாணவர் பழைய தீர்ப்புக்களை ஆராய்ந்து சட்டத்தைக் கற்பது போல, வணிக மாணவரும் மெய்யாக நிகழ்ந்த ஒரு நிறுவனத்தின் இக்கட்டை முன்வைத்து, "இந்நிலையில் நீர் என் செய்வீர்?" என்ற வினாவுக்கு விடையிறுத்தே கற்றல் வேண்டும் என அவர் கருதினார். விடய ஆய்வு முறை என இன்று வழங்குவது அதுவே. இந்தியாவில் 1961 ஆம் ஆண்டிலே கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் முகாமைத்துவ நிறுவனங்கள் தோன்றின. பின்னையதற்கு ஹாவார்ட் துணைநின்றது. இலங்கையிலே ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் 1986 இல் நிறுவப்பட்டது. கீழைக்கரையில் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டிலே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், கல்முனைக்குத் தெற்கே ஒலுவிலில் வயலுக்கும் கடலுக்கும் இடையே நிற்கிறது. முகாமைத்துவத்துக்கும் வர்த்தகத்துக்குமான பீடம் அங்கும் உண்டு.

அப்பல்கலைக்கழகத்துக்கு நெடுந்தொலைவில் இல்லாத ஓர் ஊர் சொறிக்கல்முனை. கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கம் செல்வோர்க்கு அஃது தெரிந்த இடமே. திருச்சிலுவை ஆலயத்தின் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்தில் யாத்திரிகர் வந்து கூடுவர்; மற்றைய நாட்களில் அதன் பேச்செல்லாம் நெல்லைப் பற்றியதே. மாரி மழையிலே கிட்டங்கியில் வெள்ளம் பாய்ந்தால் போக்குவரத்துத் தடைப்படும். மாசி, பங்குனியிலே வெயில் ஏற, பெரும்போக அறுவடை நடைபெறும். சுற்றிலுமுள்ள சம்மாந்துறை, கல்முனை முதலிய முஸ்லிம் ஊர்களின் வியாபாரமும் இவ்வயல்களோடு பின்னிக் கிடப்பது. 1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் வேலைகளின் பின்னர் இப்பிரதேசத்தின் நீர்க்கணக்கே மாறியது. நெல்லின் கணக்கும் அதனோடு விரிந்தது.

இத்தகைய ஊரிலே ஐந்து ஏக்கர் சொந்த வயல் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்க. இது கற்பனைக் குடும்பமே. தொகைகளும் விளக்கத்தின் பொருட்டு இடப்பட்டவையே. விலைகள் ஆண்டுக்காண்டு மாறுவன ஆதலால் எல்லாவற்றையும் நெல் மூடையாகவே கணக்கிடுதல் வசதியானது. விளைவு 150 மூடை. உழவு, விதை, உரம், மருந்து, அறுவடை இயந்திரக் கூலி, அறுவடை வரை ஏறிய கடன் வட்டி என்று கையாற் கொடுத்த பணம் 85 மூடையின் பெறுமதி. மிச்சம் 65. குடும்பத் தலைவரைக் கேட்டால், "கடவுள் புண்ணியத்தில் 65 மூடை இலாபம்" என்பார். அயல்வீட்டார்க்கு அதனையும் குறைத்தே சொல்லுவார். அஃது ஊர் வழக்கம்.

முதுமாணி வகுப்பிலே கணக்கீட்டு ஆசிரியர் இவ்விடத்திலே குறுக்கிடுவார். வயல் சொந்தமாயினும் அதனைப் பிறருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் 35 மூடை வந்திருக்குமே, அது எங்கே? தந்தையும் தாயும் மகனும் நாலு மாதம் வரம்பு கட்டி, நீர் பார்த்து, களை பிடுங்கிய உழைப்பை வேறிடத்திலே கூலிக்கு விற்றிருந்தால் 20 மூடை கிடைத்திருக்குமே, அது எங்கே? நீர் இறைக்கும் இயந்திரமும் மருந்து தெளிக்கும் கருவியும் இப்போகத்திலே தேய்ந்த தேய்வு 5 மூடை ஆகாதா? இவற்றைக் கூட்டினால் 60. அறுபத்தைந்திலே அறுபது போக ஐந்தே மிச்சம். பழமொழி கூறிய உழக்கு இதுதான்.

கையாற் கொடாத செலவும் செலவே என்னும் இக்கருத்துக்கு அமையச்செலவு என்று பெயர். ஒன்றைச் செய்வதனால் செய்யாது விட்ட மற்றொன்றின் பயனே அது. உயர்தரப் பரீட்சைக்கு வர்த்தகம் பயிலும் மாணவர் யாவரும் இதன் வரைவிலக்கணத்தை மனனம் செய்திருப்பர். அம்மாணவர்களுட் பலர் நெற்செய்கையாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆயினும் பாடக் கொப்பியிலே எழுதிய வரைவிலக்கணத்தைத் தகப்பனுடைய வயலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? பரீட்சைத் தாளிலே வரும் கம்பனிகள் வேறு, களத்திலே குவியும் பொலி வேறு என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது.

இனி, அந்த ஐந்து மூடையைக் கண்டு மனமுடைவதும் தவறு. கணக்கீட்டுப் பாடத்தின் நுட்பமான பகுதி இதுவே. எந்தச் செலவு எந்த முடிவுக்குப் பொருந்தும் என்று பிரித்தறிதல் வேண்டும். மகனுக்குக் கல்முனைக் கடையொன்றில் வேலை காத்திருக்குமாயின், அல்லது அவன் மத்திய கிழக்குக்குப் புறப்பட ஆயத்தமாயிருப்பானாயின், அவனுடைய உழைப்பு மெய்யான செலவு. வேறு வேலை யாதும் இல்லையாயின் அந்த எண்ணை ஏட்டிலே எழுதலாம். அதனை நம்பி வயலைக் கைவிடலாகாது. தேய்வுக்கென எழுதிய 5 மூடையும் இவ்வாண்டு கையை விட்டுப் போவதில்லை. இயந்திரம் உடையும் ஆண்டிலேதான் அதன் அருமை தெரியும். இலாபமும் கைக்காசும் வெவ்வேறு என்பதை மறந்து பெரிய நிறுவனங்களே கவிழ்ந்திருக்கின்றன.

இத்தாலியத் துறவி லூக்கா பச்சியோலி 1494 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிலே வெளியிட்ட கணித நூலில், அந்நகர வணிகர் கையாண்ட இரட்டைப்பதிவு முறையை விளக்கியிருந்தார். அவர் அதனைக் கண்டுபிடித்தவர் அல்லர். அச்சிலே விரிவாக விளக்கியவர். அதற்கும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்னர், 1202 இல், பைசா நகரத்து லெயனார்டோ என்பவர், வட ஆபிரிக்கத் துறைமுகத்திலே அராபியரிடத்துக் கற்ற இந்திய இலக்கங்களை ஐரோப்பிய வணிகர்க்கு அறிமுகம் செய்தார். முதுமாணி வகுப்பிலே மேனாட்டுச் சரக்காகத் தோன்றும் இக்கணக்கீட்டின் இலக்கங்கள் கிழக்கிலிருந்து போனவை என்பதைக் கல்முனைக் கடைக்காரர் ஒருவர் நினைத்து மகிழலாம்.

கணக்கு முடிந்தது. நெல் களத்திலே கிடக்கிறது. லொறி வந்து நிற்கிறது. இன்றே விற்பதா, மூன்று மாதம் பொறுப்பதா? கீழைக்கரையிலே ஒவ்வொரு போகமும் ஆயிரம் வீடுகளிலே எழும் வினா இது. அறுவடைக் காலத்து விலை தாழ்ந்திருக்கும், பின்னர் ஏறும் என்பது எவரும் அறிந்ததே. ஆகவே பொறுத்து விற்போர் புத்திசாலிகள் என்றும், உடனே விற்போர் வியாபாரியிடம் ஏமாந்தோர் என்றும் வெளியூரார் எளிதிற் கூறிவிடுவர்.

எண்ணிப் பார்க்குமிடத்து விடை அத்துணை எளிதன்று. இயந்திரம் வெட்டித் தந்த நெல்லில் நூற்றுக்கு 22 பங்கு ஈரம் இருப்பதாகக் கொள்க. வைத்திருக்க வேண்டுமாயின் அதனை 14 பங்குக்கு உலர்த்துதல் வேண்டும். அவ்வாறு உலர்த்தினால் 100 கிலோ நெல் ஏறக்குறைய 91 கிலோ ஆகிவிடும். எலியும் பூச்சியும் சிந்தலும் 3 கிலோவைக் கொண்டுபோக, எஞ்சுவது 88. உலர்ந்த நெல்லுக்குரிய ஏற்றத்தையும் சேர்த்து விலை நூற்றுக்கு 20 ஏறினால், அந்த 88 கிலோ அறுவடை நாளின் 105 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பெறுமதியைத் தரும். விலை 10 மாத்திரமே ஏறினாலோ 97 தான், பொறுத்தவருக்கு நட்டம். நட்டமின்றித் தப்புவதற்கே விலை ஏறக்குறைய 14 ஏறுதல் வேண்டும்.

இதன்மேல் கடன் இருக்கிறது. நம் குடும்பம் 60 மூடைப் பெறுமதியான கடனை மாதம் நூற்றுக்கு 3 வட்டிக்குப் பெற்றிருப்பதாகக் கொண்டால், மூன்று மாதத்துக்கு வட்டி 5 மூடைக்குச் சற்று மேல். எல்லா நெல்லையும் வைத்திருந்து, விலையும் 20 ஏறினால், வட்டி போக மிகுவது 3 மூடை. மாறாக, 60 மூடையை அன்றே விற்றுக் கடனைத் தீர்த்து, எஞ்சிய 90 ஐ மட்டும் உலர்த்தி வைத்தால் மிகுவது 5 மூடை. குறைய வைத்தவருக்குக் கூட மிகுந்ததன் காரணம், வைத்த நெல் மூன்று மாதத்தில் நூற்றுக்கு ஆறும் வளரவில்லை, கடனோ ஒன்பது வளர்ந்தது என்பதே. கடன் 100 மூடை அளவினதாயின் எல்லாவற்றையும் வைத்திருப்பதில் நட்டமே உண்டு. ஆகவே அறுவடை நாளிலே அவசரமாக விற்பவர் அறியாமையால் விற்கிறார் என்று கூறுதல் பெரும்பாலும் அநியாயம். அவர் எழுதாத கணக்கு ஒன்றின்படி சரியாகவே நடந்துகொள்கிறார். வியாபாரியிடத்திலே உலர்த்தும் தளமும் களஞ்சியமும் குறைந்த வட்டிப் பணமும் உள்ளன. ஒரே நெல்லுக்கு ஒரே விலையாயினும் இருவர்க்கும் கணக்கு ஒன்றன்று.

இக்கணக்கு முழுவதும் "விலை 20 ஏறினால்" என்ற ஒரு சொல்லிலே தொங்குகிறது. அது ஏறும் என்று யார் சொன்னது? இங்கேதான் தரவுப் பகுப்பாய்வு நுழைகிறது. தேநீர்க் கடையிலே அமர்ந்து, பொறுத்து விற்றதனால் மோட்டார் சைக்கிள் வாங்கிய கதையைக் கூறுவார் ஒருவர். பொறுத்திருந்து நட்டப்பட்டவரும் அதே கடையிலே இருப்பார். அவர் வாய் திறவார். கேட்ட கதைகளை மாத்திரம் கூட்டிச் சராசரி எடுப்பவன் தவறிழைக்கிறான் என்பது இப்பாடத்தின் முதல் எச்சரிக்கை. இரண்டாவது, சராசரியையே நம்பியிருத்தல். பத்து ஆண்டுகளில் ஐந்து ஆண்டு விலை 40 ஏறி, ஐந்து ஆண்டு ஏறாமலே கிடந்தாலும் சராசரி 20 தான். அந்த ஏறாத ஆண்டைத் தாங்கும் வலிமை வீட்டிலே உண்டா என்பதைச் சராசரி சொல்லாது.

சிறிதளவு தரவிலிருந்து எவ்வளவு துணிந்து முடிவு கூறலாம் என்பதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பேராசிரியர் அல்லர். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் கொசெற் என்பவர் அவர். பார்லித் தானியத்தில் ஒருசில மாதிரிகளே கையிலிருக்க, எது நல்லது என்று சொல்லவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. தம் பெயரை வெளியிடாது "மாணவன்" என்ற புனைபெயரில் 1908 ஆம் ஆண்டிலே அவர் எழுதிய கட்டுரையிற் கூறிய சோதனை இன்று எல்லா வணிகக் கல்லூரிகளிலும் கற்பிக்கப்படுகிறது. ஹாவார்ட் கல்லூரி திறக்கப்பட்டதும் அதே ஆண்டில் என்பது தற்செயலே. நெல்லுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பீகாரிலும் ஒரிசாவிலும் உத்தியோகம் பார்த்த ஜோன் ஹபக் என்பவர், வயல்களிலே எழுந்தமானமாகத் தெரிந்த சிறு துண்டுகளை வெட்டி நிறுத்து முழுப் பிரதேசத்தின் விளைவை மதிப்பிடும் முறையை 1927 இல் வெளியிட்டார். மகலனோபிஸ் முதலிய இந்தியப் புள்ளிவிபரவியலார் அத்துறையைப் பின்னர் பெரிதும் வளர்த்தனர். இலங்கையிலே குடிசனமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நெல் விளைவை மதிப்பிடுவதும் இத்தகைய வெட்டு அளவீட்டினாலேயே. வயலிலே உத்தியோகத்தர் ஒருவர் சிறு துண்டொன்றை அளந்து வெட்டுவதைக் காணும் பிள்ளைகள் விளையாட்டாகப் பார்த்து நிற்பர். அவர்களுக்கு அதன் பொருளை எடுத்துச் சொல்வது நல்ல பாடமாகும். விலைத் தரவுக்கும் குறைவில்லை. 1972 இல் நிறுவப்பட்ட கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் சந்தை விலைகளைத் தொடர்ந்து சேகரித்து வெளியிட்டு வருகிறது. தரவு உண்டு; அதனைக் களத்து மேட்டிலே நின்று வாசிப்பார் குறைவு.

மூன்றாவதான மூலோபாயம் படிப்பின் இறுதியிலே வருவது. மேனாட்டிலே அதன் பெயர் படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. ஈழத் தமிழிலே மூலமும் உபாயமும் சேர்ந்து ஒரு சொல்லாயிற்று. 1962 இல் அல்பிரட் சான்ட்லரும், 1965 இல் இகோர் அன்சொப்பும், 1980 இல் மைக்கேல் போட்டரும் எழுதிய நூல்களினால் அது தனிப் பாடமாக உருப்பெற்றது. போட்டர் கூற்றின் சாரம் எளிது. பிறரிலும் குறைந்த செலவிற் செய். அன்றேல் பிறரால் ஆகாததைச் செய். இவ்விரண்டில் ஒன்றைச் சந்தை முழுவதற்குமோ அதன் ஒரு மூலைக்கோ செய். எதையும் தெரிந்துகொள்ளாது நடுவிலே நிற்பவனே அகப்படுவான்.

இதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கல்முனைக்கு வடக்கே மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற முஸ்லிம் ஊர். கைத்தறியிலே நெய்த சாரம் இயந்திரத்திலே நெய்த சாரத்தோடு விலையில் மல்லுக்கட்டினால் தோற்பது திண்ணம். கூலியைக் குறைக்கக் குறைக்க நெசவாளர் தொழிலை விட்டுப் போவர், தறியே வெறுமையாகும். கைத்தறிக்கு உரிய போர்க்களம் விலையன்று. நூலின் தரமும் கரையின் வேலைப்பாடும் ஊரின் பெயருமே. தெரிந்த பெயருக்காக இரண்டு பணம் கூடக் கொடுப்போர் உண்டு.

நெல்லுக்கு இவ்வழி அவ்வளவு திறந்ததன்று. ஒரு மூடை நெல் மற்றொரு மூடையைப் போன்றதே. விதைநெல் உற்பத்தி செய்வோரும் பழைய சிவப்பு நெல்லினங்களைப் பேணுவோரும் ஒரு மூலையைப் பிடிக்கலாம்; எல்லோரும் அங்கே ஓடினால் அதுவும் நிரம்பிவிடும். பிறிதொரு சங்கடமும் உண்டு. வாய்க்கால் நீர் திறக்கும் நாளைப் போக ஆரம்பக் கூட்டத்திலே சேர்ந்தே தீர்மானிக்கின்றனர். வட்டவிதானை நீரைப் பங்கிடுகிறார். எல்லோரும் ஒருங்கே விதைத்து, ஒருங்கே அறுக்கின்றனர். அறுவடை இயந்திரத்தின் வாடகை ஏறுவதும் நெல்லின் விலை இறங்குவதும் ஒரே கிழமையில் நிகழ்வது இதனாலேயே. தனியொருவர் மாற்றக்கூடிய விடயம் இதுவன்று; உலர்த்தும் தளமும் களஞ்சியமும் கூட்டாக அமையின், வியாபாரியிடத்துள்ள வசதியிற் பாதியாவது செய்கையாளர்க்கும் கிட்டும். கூட்டுறவுச் சங்கங்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டியவை; சில இடங்களில் வெளவால்கள் குடியிருக்கும் களஞ்சியங்களைக் காண்கையில் மனம் கசக்கிறது.

எந்த உபாயமும் எதிர்பாராத அடியைத் தாங்குமா என்றும் இப்பாடம் கேட்கும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே தடை நீங்கியது. அடுத்த பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைவு பெரிதும் குறைந்தது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் முன்கூட்டி எழுதப்படாத செலவு அது. அவ்வாண்டிலே கடன் குறைவாக இருந்த வீடு தப்பியது. ஏறிய விலையை நம்பி வயலை ஈடுவைத்து மேலும் குத்தகைக்கு எடுத்திருந்த வீடு தத்தளித்தது.

இவையெல்லாம் ஒலுவிலிலோ கொழும்பிலோ முதுமாணி வகுப்பிலே பேசப்படத் தகுந்தவை. ஹாவார்டிலே எழுதப்பட்ட விடயங்கள் உலகின் பல வகுப்பறைகளிலே பயிலப்படுகின்றன, அவை சிறந்தவையே. ஆயினும் அகமதாபாத்து நிறுவனத்தார் தொடக்க காலத்திலேயே இந்திய நிறுவனங்களைப் பற்றித் தாமே விடயங்கள் எழுதினர். வேளாண்மை முகாமைத்துவத்துக்கெனத் தனிப் பிரிவும் வைத்தனர். பால் உற்பத்தியாளர் கூட்டுறவுக்குப் புகழ்பெற்ற ஆனந்த் நகரிலே 1979 இல் கிராமிய முகாமைத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் எழுந்தது. சொறிக்கல்முனைக் கண்டம் ஒன்றின் பத்துப் போகக் கணக்கை எழுதிவைத்து, வகுப்பிலே முன்வைத்து, "நீர் என் செய்வீர்?" என்று கேட்கும் விடயம் ஒன்று தமிழிலே வேண்டும். அதனை எழுதுதற்குரிய மாணவர் அவ்வயல்களைக் கடந்தே நாள்தோறும் பஸ்ஸிலே போகின்றனர்.

அதற்கு வேண்டிய ஏடு பெரியதன்று. விதைத்த நாள், கொடுத்த பணம் ஒவ்வொன்றும், வீட்டார் வேலைசெய்த நாட்கள், வெட்டிய அன்றைய எடையும் ஈரமும், அன்றைய விலையும் மூன்று மாதம் கழித்த விலையும், கடனும் அதன் வட்டியும். ஒரு பாடசாலைக் கொப்பியிலே ஒரு போகத்துக்கு இரண்டு பக்கம் போதும். ஐந்து போகம் எழுதிய குடும்பத்துக்கு, அடுத்த மாசியில் லொறி வந்து களத்தருகே நிற்கும்போது, எத்தனை மூடையை ஏற்றிவிடுவது, எத்தனையை உலரப் போடுவது என்று லொறிக்காரர் சொல்ல வேண்டியிராது.